ஒரு நாற்காலியும் ஒரு இஞ்சு டேப்பும்: முதுமையில் தசை குறைவதை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

அம்மா சோபாவிலிருந்து எழுந்திருப்பதை ஒரு நாள்தான் நான் சரியாகக் கவனித்தேன். முதலில் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றினார். உடம்பை முன்னால் ஆட்டி எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி ஆட்டி, "முருகா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். எழுந்ததும் நடக்கவில்லை. பக்கத்து மேஜையில் கை வைத்து ஓரிரு வினாடி நின்றுவிட்டுத்தான் சமையலறைப் பக்கம் போனார்.

இது எத்தனை மாதமாக நடக்கிறது என்று யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை. தினமும் கண் முன்னால் நடந்ததுதான். "வயசாச்சு" என்று சொல்லி வீட்டில் எல்லோரும் அதைக் கடந்து போயிருந்தோம்.

சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்கிறோம். பிரஷர் பார்க்க வீட்டிலேயே மெஷின் இருக்கிறது. ஆனால் அம்மாவையும் அப்பாவையும் நிற்க வைப்பது, நடக்க வைப்பது, விழாமல் தாங்குவது எல்லாம் தசைதான். அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்குச் செலவும் கிடையாது. ஒரு நாற்காலி, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப், போனில் ஸ்டாப்வாட்ச், இவை போதும்.

சார்கோபீனியா என்றால்?

வயதாக ஆக, தசையின் அளவும் வலுவும் குறைந்து, அதனால் நடமாட்டமும் குறைவதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பெனியா' என்றால் பற்றாக்குறை. 1989-ல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் வைத்த பெயர் இது. அதற்கு முன்னும் கிழவர்களுக்குச் சதை வற்றத்தான் செய்தது. ஆனால் பெயர் இல்லாத ஒன்றை யாரும் அளக்கவில்லை. பெயர் வந்த பிறகும், அமெரிக்காவில் இதற்கென்று தனி நோய்க் குறியீடு கிடைக்க 2016 வரை ஆனது. பல டாக்டர்கள் இன்னும் இதை அளந்து பார்க்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

முப்பது வயதைத் தாண்டியதும் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். இதில் முக்கியமான விஷயம், தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறைகிறது. அதனால் கால் பார்க்க நன்றாக இருப்பதை வைத்து வலுவும் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

தசை நார்களில் மெதுவாக இயங்குபவை, சட்டென்று இயங்குபவை என இரண்டு வகை உண்டு. முதுமையில் அதிகம் நலிவது இரண்டாவது வகை. வாசற்படி தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை எடுத்து வைத்து நம்மைக் காப்பாற்றுவது அந்த நார்கள்தான். "நல்லாத்தான் நடந்துட்டிருந்தார், திடீர்னு விழுந்துட்டார்" என்று வீடுகளில் சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! விழுந்தது அன்றைக்கு. பிடித்து நிறுத்த வேண்டிய தசை அதற்கு வெகுநாள் முன்பே போயிருக்கும்.

ஒல்லியானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை மெஷினில் முள் நகராது. அறுபத்தைந்து கிலோ எடை பத்து வருடமாக அப்படியே இருக்கிறது என்று பெருமைப்படுபவருக்கும் உள்ளுக்குள் கணக்கு மாறியிருக்கலாம். இன்னொன்று, சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும்.

சல்லடையில் சலிப்பது போல

ஸ்கிரீனிங் என்பது நோயை உறுதி செய்வது அல்ல. மாவைச் சலிக்கிற மாதிரி, யாரை இன்னும் கிட்டப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுப்பது. அவ்வளவுதான். அதனால் கீழே வரும் சோதனைகளில் ஒருவர் தேறாவிட்டால் அவருக்கு நோய் என்று பொருள் இல்லை. டாக்டரிடம் காட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

முதல் சல்லடை, ஐந்து கேள்விகள். சார்க்-எஃப் என்று பெயர், 2013-ல் வந்தது. நாலரை கிலோ எடையைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் (ஐந்து கிலோ அரிசிப் பையை நினைத்துக்கொள்ளுங்கள்)? அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடப்பது? கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுவது? பத்துப் படி ஏறுவது? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும், கஷ்டமே இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, ரொம்பக் கஷ்டம் அல்லது முடியவே இல்லை என்றால் 2. விழுந்ததற்கு மட்டும், ஒன்று முதல் மூன்று முறை என்றால் 1, நான்கும் அதற்கு மேலும் என்றால் 2. மொத்தம் பத்தில் நான்கோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த கட்டம் பார்க்க வேண்டும்.

இந்தச் சல்லடையின் கண் பெரியது. இதில் மாட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை உண்மையாகவே இருக்கும். ஆனால் பிரச்சினை இருந்தும் நழுவிப் போகிறவர்கள் நிறைய. அதனால் நான்குக்குக் கீழே வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

விழுந்ததைப் பற்றிக் கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "விழுந்தியாம்மா?" என்று நேராகக் கேட்டால் "இல்லப்பா" என்றுதான் பதில் வரும். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, "தடுக்கி சுவரைப் பிடிச்சது, பாத்ரூம்ல அப்படியே உட்கார்ந்தது, அப்படி ஏதாவது?" என்று கேட்டேன். "அது விழுந்ததுல சேருமா? தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை உட்கார்ந்துட்டேன். பொங்கல் சமயத்துல ஒரு தடவை" என்றார். நம்மைக் கவலைப்படுத்தக்கூடாது என்று மறைக்கிறார்கள். தனியாக வெளியே போகக்கூடாது என்று தடை போட்டுவிடுவோமோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது.

அடுத்தது கெண்டைக்கால். உட்கார்ந்து, பாதம் தரையில் படியட்டும், முழங்கால் செங்குத்தாக மடிந்திருக்கட்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். சதையை அழுத்தாமல், தொட்டுக்கொண்டிருக்கிற அளவுக்கு. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவின்படி ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழும் பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழும் இருந்தால் கவனிக்க வேண்டும். காலில் நீர் கோத்திருந்தாலோ உடம்பு பருமனாக இருந்தாலோ இந்த அளவை நம்ப முடியாது.

டேப்பும் இல்லையா? ஜப்பானியர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளின் கட்டை விரல்களையும் சுட்டு விரல்களையும் நுனியில் சேர்த்து ஒரு வளையம் செய்து, அதைத் தன் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் போட்டுப் பார்ப்பது. வளையம் எட்டவில்லை என்றால் நல்லது. சரியாகப் பொருந்தினால் கவனம் தேவை. விரலுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டோக்கியோவுக்கு அருகில் காஷிவா நகரத்து முதியவர்களிடம் இதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். கையின் அளவு ஆளின் அளவையொட்டித்தான் இருக்கும் என்பதால், எண் எதுவும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமலே ஓரளவு வேலை செய்கிறது.

நாற்காலிச் சோதனை

என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். டேப் தசையின் பருமனை மட்டும் சொல்லும். நாற்காலி அந்தத் தசை என்ன செய்ய முடிகிறது என்பதைக் காட்டிவிடும்.

கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். உட்காரும் இடம் தரையிலிருந்து 43 முதல் 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். சாப்பாட்டு மேஜை நாற்காலி பெரும்பாலும் இந்த உயரம்தான். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும். எந்த நாற்காலியானாலும் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுங்கள். சாக்ஸ் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். புடவைக் கொசுவமோ வேட்டியோ காலில் சிக்காதபடி கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். நீங்கள் எதிரே உட்காராதீர்கள். பக்கவாட்டில், கை எட்டுகிற தூரத்தில் நில்லுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை அல்லது எலும்பு முறிவு உள்ளவர்களுக்கு இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முதலில் ஒரே ஒரு முறை எழச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் அதுவே முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது. முடிந்தால், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஐந்து முறை எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுதாக நிமிர்ந்து நின்று, முழுதாக உட்கார வேண்டும். "ஆரம்பி" என்றதும் ஸ்டாப்வாட்சைத் தட்டி, ஐந்தாம் முறை நிமிர்ந்ததும் நிறுத்துங்கள்.

ஆசியக் குழுவின் கணக்கில் 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் முதியோர் பராமரிப்புக்காக 2019-ல் வெளியிட்ட கையேட்டில், 14 வினாடிக்குள் ஐந்து முறை முடிகிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஐரோப்பிய நிபுணர் குழு 15 வினாடி என்கிறது. மூன்று எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வெவ்வேறு மக்களை வைத்து, வெவ்வேறு தேவைக்காகக் கோடு போட்டிருக்கிறார்கள். 12-க்கும் 15-க்கும் நடுவே இருப்பவர் எல்லையில் நிற்கிறார். அதற்கு மேல் போனால் எந்தக் கணக்கிலும் சந்தேகம் இல்லை.

அம்மாவுக்கு 19 வினாடி ஆனது. நான் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது முறை எழும்போது இரண்டு முழங்கால்களும் உள்பக்கமாக ஒன்றோடொன்று ஒட்டின. நான்காவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உட்காரும்போது மெல்ல இறங்காமல் தொப்பென்று விழுந்தார். எப்படி உட்காருகிறார் என்பதையும் பாருங்கள். உடம்பை மெதுவாக இறக்கவும் தசை வேண்டும்.

நடை வேகத்தையும் இதே போலப் பார்க்கலாம். தரையில் 6 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, முதல் கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, கோட்டிலிருந்து கோட்டுக்கு நேரம் பார்க்க வேண்டும். 6 வினாடிக்கு மேல் ஆனால், அதாவது வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே என்றால், அது மெதுவான நடை.

கைப்பிடி வலுவை அளக்க மட்டும் கருவி வேண்டும். பிசியோதெரபிஸ்டிடம் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு. கையைப் பார்த்துக் காலைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றலாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், கைப்பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்புக்கான வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. வீட்டில் கருவி இல்லாவிட்டாலும் அறிகுறி இருக்கும். மிக்ஸி ஜார் மூடியைத் திறக்க யாரையாவது கூப்பிடுகிறாரா, ஈரத் துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போடுகிறாரா என்று பாருங்கள்.

தேறவில்லை என்றால்?

உடனே கடைக்குப் போய் புரோட்டீன் பவுடர் வாங்காதீர்கள். டாக்டரிடம் எண்களோடு போங்கள். "அம்மா பலவீனமா இருக்காங்க" என்று சொன்னால் சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. "நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 19 வினாடி ஆகிறது, போன வருடம் இரண்டு முறை விழுந்திருக்கிறார்" என்று அடுத்த டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

எழ முடியாததற்குத் தசை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கலாம். வைட்டமின் டி குறைவு, தைராய்டு, பார்க்கின்சன் நோய், மனச்சோர்வு என்று பலவும் இருக்கலாம். தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ தலை சுற்ற வைக்கலாம். பல் இல்லாததால் மெல்ல முடியாமல் கஞ்சியும் ரசம் சாதமுமாகவே ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கலாம். இவற்றையெல்லாம் டாக்டர் பார்ப்பார். தேவைப்பட்டால் டெக்சா ஸ்கேனில் தசையின் அளவையும் பார்ப்பார்கள். ஆனால் ஸ்கேன் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழும் நேரம் கூடினாலோ கைப்பிடி வலு குறைந்தாலோ உடனே உடற்பயிற்சியையும் உணவு மாற்றத்தையும் தொடங்கலாம் என்றுதான் ஆசியக் குழுவும் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது.

சார்கோபீனியாவுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை இல்லை. பயிற்சிதான் மருந்து. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையை வளர்க்க அது மட்டும் போதாது, எடைக்கு எதிராகத் தசை வேலை செய்ய வேண்டும். இந்த வயதில் எடையா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90. எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது தொடங்கும்போது இருந்ததைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். தொண்ணூறு வயதுத் தசையும் கற்றுக்கொள்கிறது.

வீட்டில் தொடங்க, சோதனை செய்த அதே நாற்காலி போதும். கையில்லாமல் எழ முடியாதவருக்கு உட்காரும் இடத்தில் ஒரு கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். சில வாரத்தில் தலையணையை எடுத்துவிடலாம். எட்டு, பத்து முறை எழுந்து உட்காருவது, நடுவில் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு கிலோ எடை தயார். வாரத்தில் மூன்று நாளாவது வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சுலபமாக இருப்பதையே தொடர்ந்து செய்தால் பயன் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முதல் சில முறை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் பயம் போய்விடும்.

சாப்பாட்டில் புரதம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். அவர் ஒரு நாளில் சாப்பிடுவதை எழுதிப் பார்த்தேன். காலை இரண்டு இட்லி, சட்னி. மதியம் சாதம், கொஞ்சம் சாம்பார், ரசம், ஒரு காய். இரவு மறுபடி இரண்டு இட்லி. நடுவில் இரண்டு காபி. இரண்டு இட்லியில் சுமார் 4 கிராம்தான் வரும். கூட்டிக் கழித்தால் பாதிகூடத் தேறவில்லை. வயிறு நிறைந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது காலையில் ஒரு முட்டை (6 கிராம்), மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் நன்றாக வேகவைத்து (10 கிராமுக்கு மேல்), சாம்பாரில் பருப்பு கெட்டியாக, இரவில் ஒரு டம்ளர் பால் என்று மாற்றியிருக்கிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

ஓய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் படுத்துவிட்டால், "நீங்க படுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று தண்ணீர் டம்ளரைக்கூட கையில் கொண்டு போய்க் கொடுக்கிறோம். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாசம் அவர்கள் காலைப் பறிக்கிறது. டாக்டர் அனுமதித்த உடனேயே கட்டிலில் உட்கார வைப்பதும், கையைப் பிடித்து வாசல் வரை நடத்துவதும்தான் பணிவிடை.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனைகளைச் செய்யலாம். விழுந்த பிறகும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் வருடம் முடியக் காத்திருக்காமல் பாருங்கள். எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். முதல் தடவை எடுத்த எண்ணைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே அதிகம் சொல்லும். எங்கள் வீட்டில் மாதக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் அம்மாவே எழுதுகிறார். மார்ச்சில் 19, மே மாதம் 16, ஜூலையில் 13. ஜூலையில் எழுதும்போது, "அஞ்சாவது தடவை கொஞ்சம் தள்ளாடிட்டேன், இல்லேன்னா 12 வந்திருக்கும்" என்றார்.